இன்வெர்ட்டர் இருந்தும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

மாடிவீட்டு அக்கா:
சென்னை புளியந்தோப்பில் ஒற்றை அறை வாடகை வீடு. கோடை வந்தாலே சாயங்காலம் லோ வோல்டேஜ். ராத்திரி கரண்ட் போனால் சில நாள் விடிந்துதான் வருகிறது. எதிர் வரிசையில் விளக்கு எரியும், எங்கள் வரிசை மட்டும் இருட்டு. சீட்டுப் பணத்தில் 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரியோடு பழைய இன்வெர்ட்டர் வாங்கினோம். இரண்டு ஃபேன், ஒரு எல்இடி பல்பு, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. விற்றவர் புது பேட்டரி போடச் சொல்கிறார். அதற்குப் பணம் இல்லை. அம்மாவின் இன்சுலின் வேறு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஒயர்மேன் தம்பி:
பேட்டரிக்கு அவசரப்படாதீர்கள் அக்கா. 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1,800 வாட் அவர். இழப்பு போக 1,200 தேறும். சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும். நல்ல பேட்டரி என்றால் ஆறேழு மணி நேரம் ஓட வேண்டும். எனக்குச் சந்தேகம் சார்ஜில்தான். இன்வெர்ட்டரில் யுபிஎஸ், எகோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ்ஸில் இருந்தால், வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கியதுமே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். அப்படியென்றால் சாயங்காலமே பேட்டரி பாதி தீர்ந்திருக்கும். எகோவில் போட்டால் இன்னும் குறைந்த வோல்டேஜிலும் சார்ஜ் ஏறும். காலி பேட்டரி நிரம்ப பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். பேட்டரி மேலே தண்ணீர் அளவு காட்டும் மிதவை சிவப்பைக் காட்டினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், கேன் தண்ணீர் கூடாது.

எதிர் வரிசைக்கு வேறு ஃபேஸ், அதாவது தெருவுக்கு வரும் மூன்று மின் லைன்களில் வேறொன்று. பெரும்பாலும் தெருவோர மின் பெட்டியில் (பில்லர் பாக்ஸ்) உங்கள் ஃபேஸ் ஃபியூஸ்தான் போயிருக்கும், கேபிள் பழுது என்றால் தோண்ட வேண்டும், நேரமாகும். மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம், 94987 94987, ராத்திரியிலும் எடுப்பார்கள். 'கரண்ட் இல்லை' என்று மட்டும் சொல்லாமல் 'ஒரு ஃபேஸ் இல்லை' என்று சொல்லுங்கள். மின் இணைப்பு எண்ணும் கேட்பார்கள்.

மாடிவீட்டு அக்கா:
எதிர்வீட்டிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் பிளக்கில் கொடுக்கலாமா? இங்கே சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒயர்மேன் தம்பி:
வேண்டவே வேண்டாம். உங்கள் ஃபேஸ் திரும்பினால் இரண்டும் மோதி ஒயர் பற்றிக்கொள்ளும். லைனைப் பழுது பார்ப்பவர் உயிருக்கும் ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபேனை நேராக மாட்டுவது வேறு விஷயம், அது சரி.

வார்டு சிஸ்டர்:
இன்சுலின் பற்றி. தினமும் போடும் குப்பி, பெரும்பாலான வகைகளில், வெளியே 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நான்கு வாரம் வரை தாங்கும். அட்டையில் உள்ளதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்து அறை அதைத் தாண்டும், அதனால் சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவே டம்ளருக்குள் குப்பியை வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், கதவை மட்டும் அடிக்கடி திறக்காதீர்கள். மொத்தமாக வாங்கி வைப்பதும் வேண்டாம்.

மாடிவீட்டு அக்கா:
சுவிட்ச் யுபிஎஸ்ஸில்தான் இருந்தது தம்பி! மாற்றிய பிறகு நேற்று மூன்று மணி வரை ஒரு ஃபேன் ஓடியது. இன்னொன்றை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே பக்கம் படுத்தோம். ஆனால் பக்கத்து வீட்டில் பல்பு மங்கல், எங்களுக்கு மட்டும் பளீரென்று எரிகிறது. நல்லதுதானே?

ஒயர்மேன் தம்பி:
இல்லை அக்கா, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) கழன்றிருக்கலாம். முதலில் மெயினை அணையுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு உடனே மின்னகத்துக்குப் போன் போடுங்கள்.