திட்டம் போட்டுக் கதை எழுதியவர்கள், போடாமல் எழுதியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நான் கிளிநொச்சி. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த வெள்ளத்தை வைத்து ஒரு சிறுகதை எழுத வேண்டுமென்று கனநாள் ஆசை. முதலில் கொப்பியில் திட்டம் போட்டேன். மழை, வீட்டுக்குள் தண்ணீர், பாடசாலையில் தங்குவது, வெள்ளம் வடிந்து திரும்புவது என்று எட்டுக் கட்டம். எழுதி முடித்து வாசித்தால் எல்லாம் இருக்கிறது, ஆனால் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் சேத விபரம் போல இருக்கிறது. கதையில் வரும் அப்பு நான் சொன்ன வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் கொப்பியைப் பார்க்காமல், அப்பு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இடத்தில் தொடங்கினேன். உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், அவரையும் கூப்பிடுகிறார்கள், திட்டப்படி அவர் ஏற வேண்டும். எழுத எழுத அவர் மாட்டுப்பட்டிப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். கட்டையில் கட்டிய பசுவின் கயிறு நனைந்து முடிச்சு இறுகிக் கிடக்கிறது, விறைத்த விரலுக்கு அவிழவில்லை. கத்தி அடுப்படியில், அடுப்படிக்குள் தண்ணீர். குனிந்து பல்லால் கடித்து இழுக்கிறார், வாயெல்லாம் சேறும் சாணி மணமும். அந்த முடிச்சோடேயே மூன்று பக்கம் போனது. எட்டுக் கட்டத்தில் ஆறு தேவைப்படவில்லை.

அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தில் வெள்ளத்தோடு போன டோர்ச் நாலாம் பக்கத்தில் மறுபடி அவர் கையில் இருந்தது! எழுதி முடித்த பிறகுதான் எத்தனை மணிக்குத் தண்ணீர் எவ்வளவு, யார் எங்கே நின்றார்கள் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் திட்டம் உதவியது அந்த இடத்தில்தான்.

பதில்:

அண்ணா, நான் நாவல் எழுதுகிறேன், வன்னியில் இறுதிப் போர்க்கால இடப்பெயர்வு பற்றி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வரிசை ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. அதனால் திட்டம் தயார் என்றே நம்பியிருந்தேன். ஒரு வருடம் தருமபுரத்தைத் தாண்டவில்லை.

டால்ஸ்டாய் முதலில் எழுத நினைத்தது 1856இல் நாடுகடத்தலில் இருந்து திரும்பும் ஒருவரைப் பற்றியாம். அந்த ஆளைப் புரிந்துகொள்ள, அவர் சாருக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்த 1825க்குப் போய், பிறகு 1812, கடைசியில் 1805 என்று பின்னாலேயே போயிருக்கிறார். அப்படித்தான் ‘போரும் வாழ்வும்’ வந்தது. அதை அறிந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. இப்போது மாத்தளனில் தொடங்கியிருக்கிறேன். தறப்பாளுக்குக் கீழே அம்மம்மா திருவலையைச் சாக்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், திருவ ஒரு தேங்காய் இல்லை. அத்தனையையும் விட்டுவிட்டு அதை மட்டும் ஏன் தூக்கி வந்தார் என்று தேடிக்கொண்டு விசுவமடு வரைக்கும் பின்னால் வந்துவிட்டேன்.