எஸ்பிரெஸோவுக்கும் குடிக்கவும் ஒரே ஆர்ஓ போதுமா?

நுரைக்கோப்பை: போர் தண்ணி. டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 620, கடினத்தன்மை 300, குளோரைடு 180 (எல்லாம் லிட்டருக்கு மி.கி.). மெஷினுக்கும் குடிக்கவும் ஒரே ஃபில்டர் போதுமா?

சல்லடை: ஆர்ஓ மாட்டுங்க. டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகை 150-ல நிறுத்துங்க. ரெண்டுக்கும் அதே குழாய்தான்.

பாய்லர்ப்பித்தன்: குடிக்க ஓகே. மெஷினுக்கு வேண்டாம். அந்தத் திருகு வடிகட்டின தண்ணியில போர் தண்ணியைத் திரும்பக் கலக்குது, அவ்வளவுதான். 150 வரணும்னா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கலக்கணும். அதோட குளோரைடும் 40-க்கு மேல ஏறிடும். 30-க்குள்ள இருக்கறதுதான் நல்லது. ஸ்டீம் பாய்லர்ல ஆவி மட்டும் வெளியேறும், உப்பு உள்ளேயே தங்கி அடர்த்தியாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஊசிக்குத்து மாதிரி துளை விழறது அப்படித்தான். டிடிஎஸ் மீட்டருக்கு எது சுண்ணாம்பு, எது குளோரைடுன்னு தெரியாது.

ரெசின்ராஜா: அப்ப சாஃப்ட்னர் போடலாமே?

பாய்லர்ப்பித்தன்: கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும். சுண்ணாம்பு படியாது, ஆனா குளோரைடு அதே 180. கார்பன் ஃபில்டரும் குளோரினைத்தான் பிடிக்கும், குளோரைடை இல்ல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சல்லடை: திருகை மூடிட்டா வெறும் ஆர்ஓ தண்ணி. பாய்லர்ல தண்ணி மட்டத்தை உணர்ற கம்பிக்கு (லெவல் புரோப்) மின்கடத்தல் பத்தாது, தண்ணி நிரம்பி வழியும். அமிலத்தன்மையும் உலோகத்தை அரிக்கும்.

பாய்லர்ப்பித்தன்: நூத்துக்கு நூறு சரி. அதனாலதான் பொட்டாசியம் பைகார்பனேட், லிட்டருக்கு 100 மி.கி. அமிலத்தை அடக்கற காரத்தன்மை 50 வரும், சுண்ணாம்பு படிய கால்சியமே இருக்காது. திருகை முழுசா மூடிட்டு, ஆர்ஓ டேங்குக்கு அப்புறம் குழாயை ரெண்டாப் பிரிக்கிற ஒரு டி இணைப்பு போடுங்க. ஒரு கிளை மினரல் கார்ட்ரிட்ஜ் வழியா குடிக்கிற குழாய்க்கு, இன்னொன்னு மெஷின் கேனுக்கு.

சல்லடை: தினமும் மில்லிகிராம் நிறுத்துப் போட யாரால ஆகும்?

பாய்லர்ப்பித்தன்: நிறுக்கவே வேண்டாம். 10 கிராமைக் கரைச்சு மொத்தம் 1 லிட்டரா ஆக்கி பாட்டில்ல வைங்க. 5 லிட்டர் கேனுக்கு அதுல 50 மில்லி.

சல்லடை: காபி சப்புன்னு இருக்கும்.

பாய்லர்ப்பித்தன்: லைட் ரோஸ்ட்ல வித்தியாசம் தெரியலாம், ஒத்துக்கறேன். டார்க் ரோஸ்ட்ல எனக்கு சந்தேகம்தான்.

நுரைக்கோப்பை: கலவை சரியா வந்துச்சான்னு எப்படிப் பார்க்கறது?

பாய்லர்ப்பித்தன்: மீன்தொட்டிக்கு விற்கிற கேஎச் (காரத்தன்மை) சொட்டு கிட். 5 மில்லி தண்ணிக்குப் பதிலா 10 மில்லி எடுத்தா ஒரு சொட்டு ஏறக்குறைய லிட்டருக்கு 9 மி.கி. காரத்தன்மை. ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்குங்க. ஆறாவது சொட்டு வாக்கில நீலம் மஞ்சளாகணும். மூணுலயே மாறினா பைகார்பனேட் குறைச்சல்.