சைகோன் பெட்டிக்குக் கால் உளுக்கிறது, சுரண்டி பாலிஷ் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

முத்தியால்பேட்டை பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் பாட்டி வீட்டைப் பழுது பார்க்கிறோம் என்று மச்சில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினோம், அதில் ஒரு மரப்பெட்டி. எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரிச் சிப்பாய். வியட்நாமில் உள்ள சைகோனில் இருந்துவிட்டு 1955-ல் ஊர் திரும்பியபோது கப்பலில் இதையும் கொண்டுவந்தார் என்று அம்மா சொல்கிறார். மூன்றரை அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், காலோடு சேர்த்து இரண்டடி உயரம். மூடி, முன்பக்கம், இரண்டு பக்கவாட்டுப் பலகைகள் எல்லாவற்றிலும் செதுக்கு வேலை: மூங்கில் புதர், சின்னப் பாலம், குடை பிடித்தபடி போகும் ஆள், பாய் விரித்த படகு. பின்பக்கம் மட்டும் வெறும் பலகை. நடுவில் வட்டமான பித்தளைத் தகடு. திறந்தால் தைல டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை, இத்தனை வருஷம் கழித்தும்!

லாஸ்பேட்டையில் எங்கள் ஃபிளாட் ஹாலில் இதை வைத்து, பட்டுப்புடவைகளையும் போர்வைகளையும் உள்ளே வைக்க ஆசை. ஆனால் பின்பக்கத்து இடது காலிலிருந்து தூள் கொட்டுகிறது. வந்து பார்த்த ஆசாரி, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மெலமைன் பாலிஷ் போடலாம், வாசனை போக உள்ளேயும் ஒரு கோட் அடிக்கலாம் என்கிறார். ஆரோவில் பக்கம் ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு இது சாதாரணப் பலா மரம், பதினைந்தாயிரம் தருகிறேன் என்றார். பாரீஸில் இருக்கும் மாமா, அப்பாவின் நினைவாகத் தனக்கு அனுப்பிவைக்கச் சொல்கிறார். எனக்கு யாருக்கும் கொடுக்க மனசில்லை, அதே நேரம் வைத்துக்கொண்டு கெடுத்துவிடவும் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:

முதலில் அந்த மெலமைனை நிறுத்துங்கள் சகோதரி. நீங்கள் சொல்கிற வாசனை கற்பூர மரத்துக்கு உரியது. கற்பூரமே இந்த மரத்தைச் சீவி, கொதிக்கவைத்து வடித்து எடுப்பதுதான். பலா மரத்தில் அந்த வாசனை வராது, அது பண்ருட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தென்சீனாவிலும் ஹாங்காங்கிலும் இந்த மாதிரிப் பெட்டிகளை ஏராளமாகச் செய்து கீழ்த்திசைத் துறைமுகங்களில் விற்றார்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தார்கள். சொல்தா குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒன்று இருக்கும். மூடியின் உட்பக்கமும் அடிப்பலகையும் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலவற்றில் கடை முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கும், இருந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள்.

உள்பக்கம் பாலிஷே இல்லாமல் பச்சை மரமாக விட்டிருப்பார்கள், காரணத்தோடுதான். மரத்திலிருந்து அந்த ஆவி வெளியே வந்தால்தான் துணிப்பூச்சி அண்டாது. அதன்மேல் ஒரு கோட் அடித்தால் மரத்தின் வாயைக் கட்டிய மாதிரி, அப்புறம் அது வெறும் பெட்டி. வாசனை குறைந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் உள்பக்கத்தை லேசாக ஒரு தேய் தேய்த்தாலே திரும்ப வரும்.

வெளிப்பக்கம்: சுரண்டினால் செதுக்கலின் விளிம்பு மழுங்கும். அந்தக் குடைக்காரனின் முகம் அரை அங்குலம்கூட இருக்காது, உப்புத்தாள் நான்கு முறை போனால் மூக்கு போய்விடும். மெலமைன் அதன்மேல் கண்ணாடித் தோல் மாதிரி இறுகிப் பள்ளங்களை அடைத்துவிடும், பின்னாளில் எடுக்க வேண்டுமானால் ரசாயனம் போட்டு உரிக்க வேண்டும். பழைய பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ளப் பின்பக்க மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்குப் பாலிஷ், அதாவது நம் ஆட்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது. அதை அங்கங்கே தொட்டு மட்டும் சரிசெய்துவிடலாம், முழுசாக எடுக்கத் தேவையே இல்லை. பெயின்டர்கள் வைத்திருக்கும் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, டர்பன்டைன் நனைத்த துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு தேன்மெழுகு மிக மெல்லியதாகத் தடவித் தேயுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

கால் விஷயம் தனி. கொட்டும் தூளைக் கருப்புக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் வண்டு. கசகசா மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக இருந்தால் உலர்மரக் கரையான், அதற்கு மண்ணும் தண்ணீரும் தேவையில்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். தூள் பழசா புதுசா என்றும் பார்க்க வேண்டும். சுத்தமாகப் பெருக்கிவிட்டு மூன்று வாரம் காகிதத்தை விரித்து வையுங்கள், மறுபடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பெட்டி கற்பூர மரமாக இருந்தாலும் கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் வேறு மலிவான மரம் போடுவது உண்டு, அதனால்தான் அங்கே மட்டும் உளுக்கிறது.

துறைமுகம் கடலூர்:

நான் கடலூர் முதுநகர்க்காரன், எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துப் பத்தாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பாட்டி மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுவார், பளபளவென்று இருக்கும். கரையானுக்கு முந்திரி ஓட்டு எண்ணெயை விட வேறு மருந்தே இல்லை, படகுக்கே அதைத்தான் பூசுவார்கள்.

தச்சுப்பட்டறை:

தம்பி, முந்திரி ஓட்டு எண்ணெய் கரையானுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மரம் கறுத்துவிடும், கையில் பட்டால் தோல் வெந்து உரியும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டு ஹாலில் வைக்கிற சாமானுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் செதுக்கு வேலைக்கு ஆகவே ஆகாது. பத்தாயத்தின் சமதளப் பலகையில் துடைத்து எடுத்துவிடலாம், மூங்கில் இலைகளின் இடுக்கில் தங்கி நாளடைவில் பிசினாகி ஊர் தூசியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும், பட்டறைக்கு வருகிற பெட்டிகளில் பாதி வேலை இதுதான்.

பேத்தி அவர்களே, கால் தனியாகத் திருகிப் பொருத்தியதா என்று பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கழற்ற வந்தால் ரொம்ப நல்லது: பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி வரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லையென்றால் மரத்தின்மேல் வேர்த்துவிடும். அப்புறம் பாலிஷ் இல்லாத அடிப்பகுதியில் வெந்நீரில் கரைத்த போரிக் பவுடரும் வெங்காரமும் பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை. பாலிஷ் உள்ள இடத்தில் அது உள்ளே இறங்காது. சித்திரை வெயிலில் போட்டால் பூச்சி சாகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், பலகை வெடித்துவிடும்.

வில்லியனூர் அக்கா:

மரத்தைப் பற்றி அண்ணா சொல்லிவிட்டார், நான் துணியைப் பற்றிச் சொல்கிறேன். கற்பூர மரத்தின் எண்ணெய் நேரடியாகத் துணியில் பட்டால் கறை விழும். அடியில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை நான்காக மடித்துப் போடுங்கள், ஒவ்வொரு புடவையையும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், நம் ஊர்க் கடல் ஈரத்துக்கு ஜரிகை மடிப்பிலேயே இற்றுவிடும். அந்துருண்டை போடவே போடாதீர்கள், மரமே அந்த வேலையைப் பார்க்கும். தாத்தாவின் பென்ஷன் காகிதங்கள், போட்டோக்கள் இருந்தால் அவற்றை இதில் வைக்க வேண்டாம், மரம் விடும் ஆவியில் காகிதம் பழுப்பேறும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மூடி தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்று பாருங்கள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தால் திறக்க முடியாது, காற்றும் இருக்காது. கொக்கியைக் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், தொலையாது. மூடி படாரென்று விழாமல் இருக்க உட்பக்கம் ஒரு சங்கிலியும் கட்டாயம் வேண்டும்.

புதுவைப் பழமை:

பாரீஸ் மாமாவுக்கு: 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தாத்தா புதிதாக வாங்கியிருந்தால் உங்கள் பெட்டிக்கு அவ்வளவு வயது இருக்காது. ஆனாலும் சுங்கத்தில் கேள்வி வரும், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் முதலில் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கிவிடலாம். ஆனால் எழுபது வருஷம் நம் ஈரக் காற்றில் பழகிய மரம், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்குப் போனால் காய்ந்து சுருங்கி மூட்டு விடும், இதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

பித்தளைத் தகட்டுக்குப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளித்தண்ணீர் ஓரத்தில் இறங்கி மரத்தில் கறை விடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், அந்தக் கருமை அழகாகத்தான் இருக்கும்.

முத்தியால்பேட்டை பேத்தி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காகிதத்தில் விழுந்தது அச்சு அசல் கசகசா! அந்த ஒரு காலில் மட்டும்தான். நான்கு திருகுகள், கழன்று வந்துவிட்டது, இப்போது மீன் வைக்கும் தட்டைக் காலி செய்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். பின்பக்க மூலையில் ஸ்பிரிட் தொட்டதும் இளகியது, அதனால் ஆசாரியிடம் சுரண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் சங்கிலி போட்டுத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மாமாவுக்கு வீடியோ காலில் திறந்து காட்டினேன், உள்ளே குனிந்து வாசனை பிடித்துச் சொல்லச் சொன்னார். இங்கேயே இருக்கட்டும், பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்றார்.

மூடியின் உட்பக்கத்தில் பென்சிலில் ஏதோ சீன எழுத்துகள் இருக்கின்றன, படம் எடுத்துப் போடுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.