குனிந்து குறிபார்க்கும்போது கண்ணாடியின் மேல்விளிம்பு மறைக்கிறது: பூல் ஆடத் தனிக் கண்ணாடி எப்படிச் செய்வது?

எட்டாம்பந்து கேட்டது:

வணக்கம். வலது கண் மைனஸ் 4.00, இடது மைனஸ் 2.50. இடதில் மட்டும் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் உள்ள கூடுதல் பவர்) மைனஸ் 0.75. வயது 47. அன்றாடம் போடுவது புரோகிரசிவ் லென்ஸ் (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் மெல்ல மாறும் லென்ஸ்).

நின்று பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. பூல் மேசையில் முகவாய் க்யூவை (பந்தை அடிக்கும் கோலை) ஒட்டும் அளவுக்குக் குனிந்ததும் பிரேமின் மேல்விளிம்பு பந்தின் மேலேயே வந்து உட்கார்கிறது. தலையைத் தூக்கினால் கழுத்து வலிக்கிறது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பார்த்தால் தூரத்துப் பந்தின் ஓரம் கலங்குகிறது, சில நேரம் மேலும் கீழுமாக இரண்டு ஓரம் தெரிகிறது.

பெரிய பிரேம் வாங்கினால் போதுமா, ஸ்நூக்கர் கண்ணாடி என்றே தனியாக விற்பதுதான் வேண்டுமா, இல்லை கான்டாக்ட் லென்ஸுக்குப் போய்விடலாமா? கடையில் என்ன அளவு சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

லென்ஸ்மேசை பதில்:

பவர் அப்படியே இருக்கட்டும். கோளாறு, லென்ஸின் எந்த இடத்தின் வழியாகப் பார்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

சாதாரணக் கண்ணாடியில் ஆப்டிகல் சென்டரை (ஒளி வளையாமல் நேராகக் கடக்கும் புள்ளியை) கண்ணின் பாப்பாவுக்கு நேராகவோ இரண்டு மூன்று மி.மீ கீழேயோ வைப்பார்கள். குனிந்து ஆடும்போது தலை கீழ்நோக்கி, கண் மட்டும் மேல்நோக்கி. தலையோடு ஒப்பிட்டால் பார்வைக்கோடு 20 முதல் 30 டிகிரி மேலே ஏறுகிறது. கண் சுழலும் மையம் லென்ஸுக்குச் சுமார் 27 மி.மீ பின்னால் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால், 20 டிகிரிக்கு லென்ஸில் 10 மி.மீ மேலே, 25 டிகிரிக்கு 12.5 மி.மீ, 30 டிகிரிக்கு 15.5 மி.மீ மேலே பார்க்கிறீர்கள். சாதாரண பிரேமில் பாப்பாவுக்கு மேல் இருப்பதே 15 மி.மீ சொச்சம்தான். விளிம்பு மறைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இரட்டை ஓரத்துக்கு வருவோம். சென்டரை விட்டு விலகிப் பார்த்தால் லென்ஸ் பிரிசம் மாதிரி வேலை செய்து, படத்தை ஒரு பக்கம் நகர்த்தும். விலகலை செ.மீ-யில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பிரிசம் அளவு கிடைக்கும். 1.25 செ.மீ மேலே பார்க்கும்போது உங்கள் வலது கண்ணில் 5 பிரிசம், இடதில் 3.1. இரண்டும் சமமாக இருந்தால் படம் மொத்தமாக நகரும், தொல்லை பெரிதாக இருக்காது. உங்களுக்கு 1.9 வித்தியாசம், அதுவும் செங்குத்தில். பக்கவாட்டு வித்தியாசத்தைக் கண் ஓரளவு இழுத்துச் சரிசெய்துகொள்ளும். செங்குத்தில் அந்தத் தாங்கும் சக்தி மிகவும் குறைவு. போதாக்குறைக்குப் புரோகிரசிவில் பிரிசம் பூஜ்யமாகும் புள்ளி பாப்பாவுக்குச் சில மி.மீ கீழே இருக்கும், ஆகவே வித்தியாசம் இன்னும் கூடும்.

எனவே சென்டரை மேலே தூக்க வேண்டும். ஆனால் அதை மட்டும் செய்து நிறுத்திவிடக் கூடாது. பல கடைகளில் வேலை கெடுவது இந்த இடத்தில்தான்.

சாதாரண பிரேமில் லென்ஸின் அடிப்பகுதி கன்னத்தை நோக்கி 8 முதல் 10 டிகிரி சாய்ந்திருக்கும். படிப்பதற்கும் நடப்பதற்கும் அது நல்லது. பூலில் கண் மேல்நோக்கிப் போவதால் அதே சாய்வு எதிரியாகிவிடுகிறது. 25 டிகிரி மேல்பார்வையும் 8 டிகிரி சாய்வும் கூடி, ஒளி லென்ஸை 33 டிகிரி சரிவாகக் கடக்கிறது. சரிவாகக் கடந்தால் லென்ஸில் எழுதாத சிலிண்டர் முளைக்கும். அதன் அளவு, பவரைச் சரிவுக்கோணத்தின் டேன்ஜென்ட் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. மைனஸ் 4.00-க்கு:

33 டிகிரியில் சுமார் 1.7 சிலிண்டர்.
சாய்வைப் பூஜ்யமாக்கினால் (25 டிகிரி) 0.87.
லென்ஸின் அடியை வெளிப்பக்கம் 10 டிகிரி தள்ளினால் (15 டிகிரி) 0.29.

கடைசி வரியில் இருப்பதுதான் ஸ்நூக்கர் கண்ணாடி. உயரமான லென்ஸ், மேலே தூக்கிய சென்டர், தலைகீழ்ச் சாய்வு. 1985 உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று வென்ற டெனிஸ் டெய்லர் முகத்தில் தலைகீழாக மாட்டியதுபோல ஒரு கண்ணாடி இருந்ததே, அதன் தத்துவம் இதுதான். அதை அவருக்குச் செய்துகொடுத்தவர் ஜாக் கார்னெம்.

நீலச்சாக் பதில்:

லென்ஸ்மேசை சார் சொன்ன கணக்கோடு, அளவெடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த அளவு இதற்கு உதவாது.

முதலில் கோணம். ஆடும் நிலையில் நில்லுங்கள், க்யூ கையில் இருக்கட்டும். உங்கள் கண் மட்டத்தில் கேமராவை வைத்து ஒருவர் பக்கவாட்டில் இருந்து படம் எடுக்கட்டும். படத்தில் கண்ணிலிருந்து குறிப்பந்துக்கு (குறிவைக்கும் பந்துக்கு) ஒரு கோடு, கண்ணாடியின் காதுக் கம்பி மீதே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் உங்கள் மேல்பார்வை. முகவாய் க்யூவைத் தொட ஆடுபவருக்கும் அரை அடி மேலே வைத்து ஆடுபவருக்கும் இது நிறையவே மாறும். எனவே அடுத்தவர் கண்ணாடியின் அளவைக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்து உயரம். பிரேமைத் தேர்ந்தெடுத்து, மூக்கிலும் காதிலும் சரியாக உட்காரும்படி திருத்திய பிறகு இதைச் செய்ய வேண்டும். டம்மி லென்ஸ் (பிரேமோடு வரும் பவர் இல்லாத லென்ஸ்) மீது ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டுங்கள். 2 அல்லது 2.5 மீட்டர் தள்ளி மேசையில் ஒரு பந்தை வையுங்கள். குனிந்து நில்லுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது லென்ஸில் பந்தை மறைக்கும் இடத்தில் இன்னொருவர் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கட்டும். பிறகு அடுத்த கண். எழுந்து நின்று, மறுபடி குனிந்து, மொத்தம் மூன்று தடவை சரிபாருங்கள். மூன்று தடவையும் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் சரி. 2 மி.மீ-க்கு மேல் ஆடினால் பிரேம் வழுக்குகிறது என்று அர்த்தம், முதலில் அதைக் கவனியுங்கள். புள்ளியிலிருந்து லென்ஸின் அடிவிளிம்புக்கு உள்ள உயரமும், மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரமும்தான் கடைக்குக் கொடுக்க வேண்டிய எண்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். க்யூவுக்கு மேல் தலையைக் கொஞ்சம் திருப்பி வைப்பவருக்கு ஒரு கண் மூக்கோரத்து மேல்மூலை வழியாகப் பார்க்கும், அதனால் இரண்டு எண்ணும் சமமாக வராது.

அந்த மூலைதான் பிரேம் தேர்விலும் முக்கியம். வட்டக் கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே வளைந்து இறங்கிவிடும். மேல்பக்கம் நேராகவும் மூலை சதுரமாகவும் இருப்பதை எடுங்கள். லென்ஸ் உயரம் 45 முதல் 50 மி.மீ, பாப்பாவுக்கு மேலே குறைந்தது 20 மி.மீ. மெல்லிய உலோக விளிம்பு, திருகில் நிற்கும் சிலிகான் மூக்குப் பட்டை. பட்டை இரண்டையும் உள்பக்கம் நெருக்கினால் பிரேம் மூக்கில் மேலே ஏறும், இரண்டு மூன்று மி.மீ சும்மா கிடைக்கும். அசிடேட் பிரேமில் மூக்குப் பாலம் அசையாது, இதற்கு அதை வாங்காதீர்கள்.

சாய்வை மாற்றுவது கீல் அருகே இடுக்கியால் வளைத்து. சாதாரண உலோக பிரேமை 8 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம், கொஞ்சம் தைரியமான கைக்காரர் தலைகீழாக 3, 4 டிகிரி வரைகூடக் கொண்டுபோவார். அதற்கு மேல் வேண்டுமென்றால் கீலிலேயே சாய்வைத் திருகி வைக்கும் ஸ்நூக்கர் பிரேம்தான் வழி. நினைவு உலோக பிரேம் வளைத்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். விளிம்பில்லா பிரேமை வளைத்தால் துளை அருகே லென்ஸ் கீறும்.

எட்டாம்பந்து:

அருமை, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். புரோகிரசிவை விட்டு ஒற்றைப் பவருக்குப் போனால் கிட்டத்தில் உள்ள க்யூ பால் (க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து) மங்காதா? தூரப் பவரைக் குறைக்க வேண்டுமா? இன்னொன்று, லென்ஸ் மெல்லியதாக இருக்க 1.67 (ஒளிவிலகல் எண்) போடச் சொல்கிறார்கள், போடலாமா?

லென்ஸ்மேசை பதில்:

தூரக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 9 அடி பூல் மேசையின் ஆடுகளம் 254 × 127 செ.மீ, மூலைக்கு மூலை 284 செ.மீ. குனிந்த நிலையில் க்யூ பால் கண்ணிலிருந்து 70 செ.மீ முதல் 1 மீட்டர், தூரத்து மூலை ஏறக்குறைய 3.5 மீட்டர். 80 செ.மீ-க்குக் கண் செலுத்த வேண்டிய கூடுதல் சக்தி 1.25, 3.5 மீட்டருக்கு 0.3 கூட இல்லை. 47 வயதில் வெள்ளெழுத்து வந்திருந்தாலும் 1.25 பொதுவாகக் கைவசம் இருக்கும். உங்களுக்குத் தூரப் பவர் ஒற்றை லென்ஸே போதும். வேண்டுமானால் 0.25 குறைத்து, அதாவது மைனஸ் 3.75, மைனஸ் 2.25 என்று சோதனைச் சட்டத்தில் (கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கும் பிரேமில்) போட்டுப் பாருங்கள். அப்போது கண் ஓய்வாக இருக்கும்போதே 4 மீட்டரில் குவியும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு 0.50 குறைப்பதும் உண்டு, அது 2 மீட்டரில் குவியும். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவுதான் குறைக்க வேண்டும். குறிப்பந்தின் ஓரம்தான் கூர்மையாக வேண்டும், க்யூ பால் சற்று மங்கினாலும் ஆட்டம் கெடாது. மொபைலும் மதிப்பெண் தாளும் பார்க்க வேறு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

புரோகிரசிவின் மேல்பகுதி தூரப் பவர்தானே, அதனாலேயே ஆடலாமே என்று சிலர் சொல்வார்கள். மைனஸ் 1, 1.50 இருப்பவர்கள் ஆடுகிறார்கள். உங்கள் வித்தியாசத்துக்கு அது ஒத்துவராது.

1.67 வேண்டாம். ஆபி எண் என்று ஒன்று உண்டு, அது குறைந்தால் லென்ஸின் ஓரத்தில் வெளிச்சம் நிறம் பிரியும். சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு 58, 1.60-க்கு 41 வாக்கில், 1.67-க்கு 32, பாலிகார்பனேட்டுக்கு 30. 5 பிரிசத்தை 30-ஆல் வகுத்தால் 0.17. 0.1-ஐத் தாண்டினாலே வெள்ளைப் பந்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். சென்டரைச் சரியாகத் தூக்கினால் பிரிசம் குறையும், ஆனாலும் கூர்மை வேண்டிய இடத்தில் எதற்கு வம்பு. 1.60 எடுங்கள். சென்டர் மேலே போவதால் அடிவிளிம்பு தடிக்கும், அதைத் தவிர்க்க முடியாது. அடிவிளிம்பு சென்டரிலிருந்து 34 மி.மீ தள்ளி இருந்தால் 1.60-லேயே வலது லென்ஸ் 5 மி.மீ-க்கு மேல் வரும், 1.50-ல் 6.5. மேசைக்கு மட்டும் போடுகிற கண்ணாடி, அழகு பார்க்க வேண்டாம்.

எதிரொளித் தடுப்புக் கோட்டிங் கட்டாயம், இரண்டு பக்கமும். மேசை விளக்கு தலைக்கு மேலேயே இருக்கிறது. டின்ட் எதுவும் வேண்டாம், 4-ஆம் பந்தின் ஊதாவும் 2-இன் நீலமும் நெருங்கிப்போகும்.

மூலைப்பை பதில்:

கான்டாக்ட் லென்ஸ் பற்றியும் கேட்டிருந்தாரே, அதை மறந்துவிட வேண்டாம் நண்பர்களே. கண்ணோடு சேர்ந்து நகர்வதால் மேலே சொன்ன பிரிசம், சாய்வு, விளிம்பு மூன்றும் ஒரேயடியாகப் போய்விடும். இவருக்கு இரண்டு கண்ணிலும் பவர் வித்தியாசம் இருப்பதால் அதுதான் சுலபமான வழி என்றே சொல்வேன். இடது கண்ணின் 0.75-க்கு டோரிக் (சிலிண்டரையும் சரிசெய்யும்) லென்ஸ் வேண்டும். இடைஞ்சல் என்னவென்றால், குறிபார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும், லென்ஸ் காயும், ஏசி அறையும் சாக் தூளும் அதைக் கூட்டும். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று வெள்ளெழுத்துக்காகக் கொடுக்கும் முறையைப் பூலுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து அளக்க வேண்டிய ஆட்டம் இது.

நீலச்சாக் பதில்:

அதுவும் சரிதான், கண் ஏற்றுக்கொண்டால் நல்லது.

கண்ணாடியே என்றால் ஆர்டர் கொடுக்கும்போது ஒரு விஷயம். சென்டர் இவ்வளவு மேலே போனால் 70 மி.மீ ரெடிமேட் லென்ஸில் வெளிப்பக்கக் கீழ்மூலை அடங்காது. அடங்கவில்லையென்றால் கடைக்காரர் சத்தமில்லாமல் சென்டரை நடுவுக்கு நகர்த்தி வெட்டிவிடுவார். பெரிய பிரேம் வாங்கியும் கலங்குகிறது என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். "சென்டரைத் தள்ளி லேபில் தனியாகச் செய்த லென்ஸ்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்கும்போது லென்ஸோமீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவியில்) வைத்துச் சென்டரில் புள்ளி போடச் சொல்லி, அடிவிளிம்பிலிருந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த உயரத்துக்கு 1 மி.மீ-க்கு மேல் விலகினால் திருப்பிக் கொடுங்கள், இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் விலகியிருந்தாலும் கூட.

பிறகு மேசையில் குனிந்து, தூரத்துப் பந்தைப் பார்த்தபடி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைச் சட்டென்று மூடித் திறங்கள். பந்து பக்கவாட்டில் துள்ளலாம், அது இயல்பு. மேலும் கீழுமாகத் துள்ளினால் உயரம் தப்பு.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்காதீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். நேராகப் பார்க்கும்போது சென்டருக்குக் கீழே பார்ப்பதால், குனிந்தபோது இல்லாத அந்தச் செங்குத்து வித்தியாசம் அப்போது வந்துவிடும். ஆட்ட இடைவேளையில் பழைய புரோகிரசிவை மாட்டிக்கொள்ளுங்கள்.