புயல் போகும் பாதை என்று வரைபடத்தில் காட்டும் கோடு தள்ளிப்போனால் வீட்டிலேயே இருந்துவிடலாமா? டாம்பா பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கொலுப்படி:

வணக்கம். ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் இருக்கிறோம். நான், கணவர், நாலு வயதுப் பையன், எங்களோடு மாமியார். கடல் தண்ணீர் ஏறும் ஆபத்தைப் பார்த்து இங்கே ஏ, பி, சி என்று எழுத்து வைத்து வெளியேற்ற மண்டலங்கள் பிரித்திருக்கிறார்கள், எங்கள் வீடு மண்டலம் பி. 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது ஏ, பி, சி மூன்று மண்டலத்தையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் ஹெலீன் புயல் வந்துபோய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எங்கள் தெருமுனையில் உப்புத் தண்ணீரில் ஊறிய சோபாவும் மெத்தையும் அள்ளாமல் அப்படியே கிடந்தன. திங்கட்கிழமை மில்டன் ஐந்தாம் வகை, அதாவது உச்ச வகை, ஆகிவிட்டது என்று கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. டாம்பா மேயர் டிவியில் வந்து, காலி பண்ணச் சொன்ன இடத்தில் தங்கினால் செத்துப்போவீர்கள் என்று நேராகவே சொன்னார்.

செவ்வாய் விடியற்காலை அட்லான்டாவுக்குக் கிளம்பினோம். ஏழெட்டு மணி நேரப் பயணம், பதினேழு மணி நேரம் ஆனது. பாதி பெட்ரோல் பங்க்குகளில் குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்திருந்தார்கள். மாமியாருடைய இன்சுலின் வைத்திருந்த ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டே வர, ஒவ்வொரு கடையிலும் இறங்கி ஐஸ் கேட்டேன். நவராத்திரி நடுவில் கொலுவை அப்படியே விட்டுவிட்டு மரப்பாச்சி ஜோடியை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கடைசியில் மில்டன் எங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியது. திரும்பி வந்து பார்த்தால் வேலி சாய்ந்திருந்தது, ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜ் நாறிக்கிடந்தது, அவ்வளவுதான். ஹோட்டலுக்கு மட்டும் ஆயிரம் டாலர் போனது. கணவர் இப்போது உறுதியாகச் சொல்கிறார், இனி எந்தப் புயலுக்கும் வண்டியை எடுக்க மாட்டேன், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிற ஒரு கோட்டை நம்பி வயதானவரை இப்படி அலைக்கழிக்கக் கூடாது என்று. மாமியார் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, தங்கிவிடலாம் என்று தைரியமாகச் சொல்லவும் வாய் வரவில்லை. கணிப்பு மாறிக்கொண்டே இருக்கும்போது நீங்களெல்லாம் எப்படி முடிவு எடுக்கிறீர்கள்?

வைகைக்கரை:

சகோதரி, டாம்பாவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள், மில்டன் விஷயத்தில் கணிப்பு தப்பவில்லை. ஆரம்பத்திலிருந்தே டாம்பா வளைகுடாவையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான் சொன்னார்கள், அங்கேதான் வந்தது. வளைகுடா வாயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே கண் கரையேறியது. தேசியச் சூறாவளி மையம் ஒரு நாள் முன்னால் சொல்லும் பாதையிலேயே சராசரியாக 50 கிலோமீட்டர்போலப் பிசகு இருக்கும். அதாவது புதன் காலையில்கூட அது உங்கள் வீட்டுக்குத் தெற்கே போகுமா வடக்கே போகுமா என்று யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் கிளம்பியது செவ்வாய் விடியற்காலை. தெளிவாகத் தெரியட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று இருந்திருந்தால், தெரியும்போது பாலங்களை மூடியிருப்பார்கள். இங்கே இருக்கிற முழுச் சிக்கலும் இதுதான், கணிப்பு உறுதியாகும் நேரமும் நாம் கிளம்பக்கூடிய நேரமும் ஒன்றாக வருவதே இல்லை.

அந்த 40 கிலோமீட்டரால் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கண் நமக்குத் தெற்கே போனதால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது, வளைகுடாத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. மறுநாள் படங்களில் கடல் உள்வாங்கிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கண் வடக்கே போயிருந்தால் அதே காற்று மொத்தத் தண்ணீரையும் உள்ளே தள்ளியிருக்கும். ஹெலீன் நமக்கு வெகு தூரம் தள்ளி, வடக்கே பெர்ரி ஊர்ப் பக்கம்தான் கரையேறியது, அதற்கே உங்கள் தெருவில் அந்த சோபாக்கள் வெளியே வந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அதுதான் நடந்தது.

அப்புறம் வரைபடத்தில் புயலின் பாதையைச் சுற்றிக் காட்டுகிற அந்தக் கூம்பு. அதைப் பலரும் புயலின் அகலம் என்று நினைக்கிறார்கள். இல்லை. புயலின் மையப்புள்ளி எங்கே போகலாம் என்பதற்கு மட்டும்தான் அது, அதுவும் கடந்த ஐந்து வருடப் பிழைகளை வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நேரம் உள்ளே விழும் அளவுக்கு வரைந்தது. மீதி ஒரு பங்கு நேரம் மையமே கூம்பைத் தாண்டிப் போகலாம். காற்றும் மழையும் கடல் ஏற்றமும் கூம்புக்கு வெளியே எவ்வளவோ தூரம் போகும். 2004 ஆகஸ்டில் சார்லி புயல் நேராக டாம்பாவுக்கு என்றார்கள். நான் அப்போது புதிது, அறைத் தோழர்களோடு ஒர்லாண்டோவுக்கு ஓடினேன். சார்லி கடைசி நேரத்தில் வலப்புறம் திரும்பி புன்டா கோர்டாவில் நான்காம் வகையாக ஏறி, குறுக்கே வந்து ஒர்லாண்டோவையே அடித்தது. ராத்திரி முழுக்க ஹோட்டல் குளியலறையில் உட்கார்ந்திருந்தோம். இதில் கொடுமை என்னவென்றால் புன்டா கோர்டா அந்தக் கூம்புக்குள்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் நடுக்கோட்டைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று இருந்துவிட்டார்கள்.

அதனால் நான் இப்போது கோட்டைப் பார்ப்பதே இல்லை. என் மண்டல எழுத்தைச் சொல்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். சொன்னால் கிளம்பிவிடுவேன். வாட்ஸாப்பில் வரும் நூடுல்ஸ் மாதிரிக் கோடுகள் போட்ட படங்களை, முக்கியமாக பத்து நாள் கழித்து வரப்போகும் புயல் என்று வருவதை, திறப்பதுகூட இல்லை.

நாவற்பழம்:

கொலுப்படி, நீங்கள் மரப்பாச்சியைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஃபோர்ட் மையர்ஸில், கடற்கரைத் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தோம். 2022 இயான் புயல். அந்த வருடம் செப்டம்பர் 26 நவராத்திரி தொடக்கம், அன்றைக்கும் கோடு டாம்பா பக்கம்தான். ஒவ்வொரு அறிவிப்புக்கும் கணவர் போனைப் பார்த்துவிட்டு "இன்னும் அங்கேதான் இருக்கிறது" என்பார், நான் பொம்மைகளைப் படியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தது. எங்கள் மாவட்டத்தில் வெளியேறச் சொன்னது செவ்வாய்க் காலை, இயான் கரையேறியது புதன் மதியம் மூன்று மணி. அந்த ஒரு நாளில் நாங்கள் செய்ததெல்லாம் டாம்பாவில் இருந்த சிநேகிதிக்குப் போன் போட்டு "நீங்கள் இங்கே வந்துவிடுங்கள்" என்று கூப்பிட்டதுதான்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறை வடிகாலில் கொப்பளித்தது. அப்புறம் சுவரும் தரையும் சேரும் இடமெல்லாம் கசிந்தது, டீசல் நாற்றம். இருபது நிமிடத்தில் முழங்கால். அரிசி டிரம் மிதந்து ஹாலுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மாடிக்குப் போகத் தெருவில் இறங்கினபோது எனக்கு மார்பளவு தண்ணீர், மகளைக் கணவர் தோளில் தூக்கிக்கொண்டார். மறுநாள் திரும்பி வந்தபோது கொலுப்படிகள் கவிழ்ந்து சமையலறை வாசலை அடைத்துக் கிடந்தன. மண் பொம்மைகள் சாயம் போய் வெறும் களிமண்ணாக இருந்தன, காகிதக்கூழ் பொம்மைகள் ஊதிப்போய்த் தொட்டால் பிய்ந்தன. மரப்பாச்சி இரண்டும் மட்டும் மிதந்து ஜன்னல் விளிம்பில் ஒதுங்கியிருந்தன.

இயானில் ஏறக்குறைய 150 பேர் இறந்தார்கள். கடற்கரைத் தீவில் 10 அடியிலிருந்து 15 அடி வரை தண்ணீர் ஏறியது. மாடியில் மூன்றாம் மணி நேரத்தில் என் மகள் "அம்மா, நாம் ஏன் போகவில்லை?" என்று கேட்டாள். ஆயிரம் டாலரும் பதினேழு மணி நேரமும் பெரிய கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பத்து மடங்கு கொடுத்திருப்பேன்.

ஹூஸ்டன் பெரியவர்:

தம்பதிக்கு வணக்கம். உங்கள் கணவர் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பயப்படும் விஷயம் நிஜம். 2005இல் ரீட்டா புயல். காட்ரினா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து மூன்றே வாரம், அந்தப் படங்களெல்லாம் கண்ணிலேயே நின்றன. ஹூஸ்டன் பக்கம் 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தோம். டாலஸ் நாலு மணி நேரம், எங்களுக்கு 22 மணி நேரம் ஆனது. பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டு அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தோம், என் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. முதியோர் இல்லத்திலிருந்து கிளம்பிய ஒரு பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்த வெளியேற்றத்தில் மொத்தம் நூறு பேர் அளவுக்கு உயிரிழந்தார்கள், ரீட்டாவோ லூசியானா எல்லைப் பக்கம் திரும்பிவிட்டது.

சாலையில் நின்றவர்களில் பெரும்பகுதி போகவே தேவையில்லாதவர்கள், நானும்தான். என் வீடு கடலிலிருந்து 70 கிலோமீட்டர் உள்ளே. தண்ணீர் வருகிற இடத்திலிருந்து ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்று இங்கே சொல்வார்கள். அதை அப்போது எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் அஞ்சல் குறியீடு வாரியாக மண்டலம் பிரித்தார்கள்.

ஆனால் அதன் பின்விளைவையும் கேளுங்கள். 2008இல் ஐக் வந்தபோது ரீட்டாவில் சூடு கண்ட பலர் நகரவில்லை, இரண்டாம் வகைதானே என்றும் சொன்னார்கள். அந்த வகை எண் காற்றின் வேகத்துக்கு மட்டும், தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. போலிவர் தீபகற்பத்தில் 15 அடிக்கு மேல் தண்ணீர் ஏறி வீடுகளைத் துடைத்துப்போட்டது. பிறகு நான் நேரில் போய்ப் பார்த்தேன். வரிசையாகத் தூண்கள் மட்டும் நின்றன.

அம்மா, நீங்கள் அட்லான்டா வரை போனதுதான் தவறு, போனதே தவறில்லை. மண்டலத்துக்கு வெளியே, உறுதியான கட்டடத்தில், முப்பது நாற்பது மைலில் யார் வீடு இருக்கிறது என்று பாருங்கள்.

வெள்ளைக்கோட்டு அக்கா:

மருத்துவமனையில் வேலை செய்கிறேன், மாமியார் விஷயம் மட்டும் சொல்கிறேன். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரி செல்சியஸ் தாண்டாமல் இருந்தால் 28 நாள்போல வெளியிலேயே தாங்கும், உங்களுடையது எப்படி என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் உதவாது. ஃபுளோரிடாவில் அவசரநிலை அறிவித்ததும் 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மருத்துவ உதவி வேண்டியவர்களுக்கு என்று மாவட்டம் நடத்தும் சிறப்புத் தேவை முகாமுக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். ஒன்றைக் கையெடுத்துக் கேட்கிறேன், கரண்ட் போனால் ஜெனரேட்டரை கராஜில் ஓட்டாதீர்கள், வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். புயல் போன மறுநாள் அந்தப் புகை பட்டு வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம், குழந்தைகள் உட்பட.

புதுவைக் காற்று:

ஊரிலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது புயல் ஆகும் என்றார்கள், அப்புறம் ஆகாது என்றார்கள், கடைசியில் ஆனது. புலி வருது கதைதான் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி அருகே ஏறி, நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை. அதற்கு முந்தைய வருடம் மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லாவில் ஏறியது, மூழ்கியது சென்னை. கோடு எங்கே போகிறது என்பதும் யார் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்பதும் வேறு வேறு என்று அங்கே உள்ளவர்கள் சொல்வதைப் படித்தபோது எங்கள் ஊரைச் சொல்வது போலவே இருந்தது.

கொலுப்படி:

எல்லோருக்கும் நன்றி. நாவற்பழம், நீங்கள் எழுதியதைக் கணவர் இரண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்ப் பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். காலையில் அவரே லேக்லேண்டில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். அவர் வீடு மண்டலம் எதிலும் இல்லை, புது வீடு, ஜன்னலுக்கு அடைப்புப் பலகையும் வைத்திருக்கிறார். தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எங்களிடமிருந்து ஐம்பது மைல்தான். பி என்று சொன்ன அன்றே கிளம்புவது, அட்லான்டா கிடையாது, இதுதான் எங்களுக்குள் பேசிக்கொண்டது. மாமியார் பெயரை மாவட்டத்தில் பதிந்தாயிற்று. வெள்ளக் காப்பீடு வீட்டுக் காப்பீட்டிலேயே சேர்ந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம், அது தனி என்று இப்போதுதான் தெரிந்தது, அதை யாரிடம் எடுப்பது நல்லது?

வைகைக்கரை:

நல்ல காரியம் செய்தீர்கள். காப்பீட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், அரசின் தேசிய வெள்ளக் காப்பீடு பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு போய் நின்றால் அந்தப் புயலுக்கு உதவாது. வீட்டுக் காப்பீட்டில் சூறாவளிக்கு என்று நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை தனியாக இருக்கும், வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 சதவீதமா 5 சதவீதமா என்று பத்திரத்தில் பாருங்கள். விவரம் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் எடுத்தபோது என்னென்ன கேட்டார்கள் என்று சொல்கிறேன்.