ரோசெட் நெபுலா பச்சையாக வருகிறது: வண்ண கேமரா பழுதா?

அரைநிலா:
சோனி ஐஎம்எக்ஸ் 533 சென்சார் கொண்ட, குளிரூட்டும் வசதியுள்ள வண்ண கேமரா வைத்திருக்கிறேன். ரோசெட் நெபுலா என்ற வாயு மேகத்தை மூன்று நிமிட எக்ஸ்போஷர்களாக எடுத்து, டார்க், ஃபிளாட் (கேமராவின் இரைச்சலையும் ஒளிச் சீரின்மையையும் திருத்த எடுக்கும் படங்கள்) எல்லாம் சேர்த்து சிரில் மென்பொருளில் ஸ்டாக்கிங் செய்தேன், அதாவது ஒரே படமாக அடுக்கினேன். சிவப்பாக வர வேண்டிய நெபுலா, பாசி படிந்ததுபோல் பச்சையாக இருக்கிறது. பின்னணி வானம் ஊதா. ஃபில்டர் எதுவும் போடவில்லை. கேமராவைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு நெருங்குகிறது, யாராவது சொல்லுங்கள்.

கருவானம்:
பதற வேண்டாம் நண்பரே. வண்ண சென்சாரில் நான்கு பிக்சல்களுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வண்ணச் சமன் செய்யாத படம் பச்சையாகத்தான் தெரியும். விண்மீன்களை வைத்து வண்ணத்தைச் சமன் செய்துவிட்டு, மிஞ்சும் பச்சையை நீக்கிவிடுங்கள்.

அரைநிலா:
இரண்டையும் செய்து பார்த்தேன். பச்சையை நீக்கியதும் நெபுலாவும் சேர்ந்து மறைந்துவிட்டது! பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

மிருகசீரிடம்:
அந்தக் கட்டம்தான் துப்பு. படம் முழுக்கப் பச்சை என்றால் கருவானம் சொன்னதே சரி. வானம் ஊதா, நெபுலா மட்டும் பச்சை என்றால் டிபேயர் வரிசை மாறியிருக்கிறது. எந்தப் பிக்சல் எந்த நிறம் என்று பார்த்து மூலக் கோப்பை வண்ணப் படமாக்குவதுதான் டிபேயர்.

உங்கள் சென்சாரின் வரிசை ஆர்ஜிஜிபி (மேல் வரியில் சிவப்பு, பச்சை; கீழ் வரியில் பச்சை, நீலம்). ஃபிட்ஸ் எனும் மூலப் படக் கோப்பைச் சில மென்பொருள்கள் மேலிருந்து கீழாகவும் சில கீழிருந்து மேலாகவும் படிக்கும். தலைகீழாகப் படித்தால் அதே வரிசை ஜிபிஆர்ஜி ஆகிவிடும். அப்போது சிவப்பு, நீலப் பிக்சல்கள் இரண்டும் பச்சை சேனலுக்குள் போய்ச் சேரும். நெபுலாவின் ஹைட்ரஜன் வெளியிடும் எச்-ஆல்ஃபா எனும் சிவப்பு ஒளி 656.3 நானோமீட்டர், அதை வாங்குவது பெரும்பாலும் சிவப்புப் பிக்சல்தான். ஆகவே நெபுலா பச்சையாகிறது. பக்கத்து நீலப் பிக்சலில் அந்த ஒளி இல்லாததால் ஒன்று விட்டு ஒன்று கட்டம் விழுகிறது.

உறுதி செய்துகொள்ள விண்மீன்களைப் பாருங்கள். நெபுலாவின் நடுவில் இருக்கும் கொத்தின் விண்மீன்கள் நீலம். அதே பகுதியில் பளிச்சென்று தெரியும் 12 மோனோசெரோடிஸ் என்ற விண்மீன் மஞ்சள். வரிசை தவறினால் சிவப்பு, நீலம் இரண்டு சேனலும் பச்சைப் பிக்சல்களிலிருந்தே நிரம்பும். எந்த விண்மீனிலும் மஞ்சளோ நீலமோ தெரியாது.

அமைப்புகளில் டிபேயர் பகுதிக்குப் போய், வரிசையைக் கோப்பின் தலைப்பிலிருந்தே (படத்தின் விவரங்கள் உள்ள ஹெடர்) எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஒரே ஒரு படத்தில் நான்கு வரிசைகளையும் கையால் மாற்றிப் பாருங்கள். டார்க், ஃபிளாட் இரண்டையும் டிபேயர் செய்யக் கூடாது. அவற்றைப் பயன்படுத்தித் திருத்திய பிறகே வானப் படங்களை டிபேயர் செய்ய வேண்டும். மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுபடி படமெடுக்கத் தேவையில்லை. கேமராவையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

அரைநிலா:
சிவப்பு வந்துவிட்டது! அமைப்புகளில் வரிசை கையால் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. 12 மோனோசெரோடிஸும் மஞ்சளாகத் தெரிகிறது. நகர வெளிச்சத்துக்கு இரட்டைப் பட்டை ஃபில்டர் வாங்கலாமா?

மிருகசீரிடம்:
ரோசெட் போன்ற ஒளிரும் நெபுலாக்களுக்குத் தாராளமாக வாங்கலாம். அது உள்ளே விடும் இரண்டு ஒளிகளில் எச்-ஆல்ஃபா சிவப்புப் பிக்சலிலும், 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் ஒளி பச்சையிலும் நீலத்திலும் விழும். வண்ண கேமராவிலேயே இரண்டையும் பிரித்தெடுக்கலாம். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். விண்மீன் திரளின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியிருப்பதால் அந்த ஃபில்டர் பெரும்பகுதியை வெட்டிவிடும்.