மறு: ‘சார்பு’ போதாதா, ‘வேண்டுபொதி’ எதற்கு?

அனைவருக்கும் வணக்கம். ஒரு மென்பொருள் பொதி (பேக்கேஜ்) ஓடக் கூடவே இருந்தாக வேண்டிய இன்னொரு பொதியை ஆங்கிலத்தில் டிபென்டென்சி என்கிறார்கள். நம் தமிழாக்கத்தில் அதைச் ‘சார்பு’ என்று எழுதி வந்தோம்; ‘வேண்டுபொதி’ என்று மாற்றலாம் என்றேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> சார்பு என்று எல்லோரும் எழுதிப் பழகிவிட்டார்கள். புதுச்சொல் எதற்குத் தம்பி?

மோல்மேன் அண்ணன் கேட்டது நியாயம்தான். பத்து நாள் முன்புவரை நானும் அந்தக் கட்சிதான். போன சனிக்கிழமை ரங்கூனில், மொகல் தெருப் பக்கம் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் பேசுவோம்.

கடைக்காரர் நமக்கு வேண்டியவர். நம் தமிழாக்கத்தைச் சோதிக்கத் தன் கணினியைத் தந்திருக்கிறார். அதில் உபுண்டு 22.04 என்ற இயங்குதளம் இருக்கிறது. அவருடைய தங்கை மகன் பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றப் பார்த்தான். திரையில் வந்தது இது:

சார்பு: லிப்எஸ்எஸ்எல்1.1 ஆனால் அது நிறுவப்படவில்லை

பையன் தமிழ் படித்ததெல்லாம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்து வருகிறது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். “மாமா, யார் சார்பா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்து அவன் செய்ததைப் பார்த்துச் சிரிப்பு நின்றுவிட்டது. ‘நிறுவப்படவில்லை’ என்றால் நிறுவிவிட்டால் போச்சு என்று அந்த லிப்எஸ்எஸ்எல்1.1ஐ நிறுவக் கட்டளை கொடுத்தான். வரவில்லை. மறுபடி கொடுத்தான். எழுத்துப்பிழையோ என்று திருத்தித் திருத்தி ஏழெட்டு முறை. கடைசியில் கரண்ட் போனதால்தான் விட்டான்.

அது வரவே வராது. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 3ஆம் பதிப்புக்கு மாறிவிட்டது; பழைய 1.1, அதாவது அந்த லிப்எஸ்எஸ்எல்1.1, பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் அதன் களஞ்சியத்தில் இல்லை. ஆங்கில மூலம் ‘நிறுவ முடியாதது’ என்று சரியாகவே சொல்கிறது. அதை ‘நிறுவப்படவில்லை’ என்று எழுதி வைத்தவன் நான். பையன் ஏழெட்டு முறை முட்டிக்கொண்டது என் கைவரிசையால்.

ஒன்று இருந்தால்தான் இன்னொன்று ஓடும் என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவிக்கும்வரை யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜோஜி என்ற பர்மிய எழுத்துருவோடு எத்தனை பாடு பட்டோம்! பையனுக்கும் விஷயம் தெரியும், சொல்தான் இடறுகிறது.

சார்பு என்றால் ஒருவர் பக்கம் சாய்வது. பள்ளிக் கணிதத்தில் அது வேறு, எக்ஸ் கொடுத்தால் ஒய் தருவது. தமிழ்நாட்டில் சார்பு ஆய்வாளர், சார்பு நீதிமன்றம் என்று வேறு இருக்கின்றன. இவற்றையாவது இடம்பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு: சார்பு என்பது இரண்டுக்கும் இடையிலான உறவு. அந்த உறவு எங்கும் தொலையவில்லை, அப்படியே இருக்கிறது. தொலைந்தது மறுமுனையில் இருக்க வேண்டிய பொதி. உறவையும் பொருளையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்கிறது என்பதற்காக நாமும் அந்தச் சட்டையையே போட்டுக்கொள்ள வேண்டுமா?

> கொழுகொம்பு என்று வைக்கலாமே? கொடிக்குக் கொம்பு மாதிரி.

தட்டோன் தங்கச்சி எழுதியது. அழகான சொல்லம்மா. முல்லைக்குக் கொம்பு இல்லையென்று பாரி தேரையே விட்டுவிட்டுப் போனான், பொதிகளை நிறுவித் தரும் ஏப்ட் நிரலுக்கு அந்த மனசெல்லாம் கிடையாது. ஆனால் நம் பையன் கொழுகொம்பைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. இன்னொரு முறை “மாமா” என்று திரும்புவான்.

துணைப்பொதி என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் பொதிகளின் குறிப்பில் கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது என்பவை, விருப்பப்பட்டால் போடலாம் என்பவை எல்லாம் தனித்தனியாக இருக்கும். துணை என்ற சொல் இரண்டாவதற்குப் பொருந்தும். கட்டாயமானதற்குத் துணை என்றால் ‘இல்லாவிட்டாலும் ஓடும் போல’ என்று தோன்றும். முன்தேவையும் ஒத்துவராது. முதலில் நிறுவி முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்கிற இன்னொரு வகை இருக்கிறது, அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

ஆக, வேண்டுபொதி. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகைதான், அடுப்படியில் தினம் புழங்குகிற கட்டு. அகராதியைத் தேட வேண்டியதில்லை.

‘இதற்கு இது வேண்டும்’ என்று வாக்கியமாகவே எழுதிவிடலாமே, பெயர்ச்சொல் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஏப்ட் இந்த வரியை ஒரே வாக்கியமாகத் தருவதில்லை. தலைப்பு ஒரு துண்டு, முக்காற்புள்ளி, பொதியின் பெயர், அப்புறம் ‘ஆனால்’ என்று தொடங்கும் ஒரு வால். தலைப்பும் வாலும் நம்மிடம் தனித்தனிச் சரங்களாகத்தான் வருகின்றன. முக்காற்புள்ளிக்கு முன்னால் ‘வேண்டும்’ என்று வினைமுற்றை நிறுத்தினால் வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே அங்கே ஒரு பெயர்ச்சொல் இருந்தாக வேண்டும்.

சொல்லை விடவும் எனக்குக் கவலை அந்த வால்கள்தான். முக்கியமானவை நான்கு. என் பழைய கோப்பில் நான்கில் மூன்று ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன, வெட்கமாக இருக்கிறது. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்:

வேண்டுபொதி: லிப்எஸ்எஸ்எல்1.1 – ஆனால் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை

இதைப் படித்தவன் மறுபடி கட்டளை கொடுக்க மாட்டான், வேறு வழி பார்ப்பான். இரண்டாவது வால், ‘ஆனால் இம்முறை நிறுவப்போவதில்லை’. பொதி இருக்கிறது, ஏப்ட்தான் அதை எடுக்கவில்லை. ஏன் என்று சேர்த்து எழுதக் கை துறுதுறுக்கும். வேறு பொதியோடு மோதலால் என்று எழுதினால் பாதி நேரம் சரியாக இருக்கும், மீதி நேரம் பொய்யாகிவிடும். அந்த வரிக்குத் தெரியாததை நாம் சொல்லக் கூடாது. மூன்றாவது பதிப்புப் பொருந்தாதது, ‘ஆனால் நிறுவப்போவது 1.2’, அவ்வளவுதான். நான்காவது பெயர் மட்டும் உள்ள பொதி: ‘மின்னஞ்சல் அனுப்புவது ஏதாவது ஒன்று’ என்பது மாதிரி, எக்ஸிமும் நிரப்பலாம், போஸ்ட்ஃபிக்ஸும் நிரப்பலாம். ‘ஆனால் இது பெயர் மட்டுமே, இதற்கு ஈடான ஒன்றை நிறுவுங்கள்’ என்று எழுதினேன். மூலத்தை விடக் கொஞ்சம் நீளம். தவறென்றால் சொல்லுங்கள்.

முழு வாக்கியமாக வரும் செய்திகளில் இன்னொரு தொல்லை. பொதியின் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். பெயர் எந்த ஒலியில் முடியும் என்று முன்கூட்டித் தெரியாதபோது க்கு போடுவதா, உக்கு போடுவதா? ‘என்ற பொதிக்கு’ என்று போட்டுவிட்டால் எந்தப் பெயர் வந்து உட்கார்ந்தாலும் கெடாது.

> சரி, வேண்டுபொதி இருக்கட்டும். ஒத்துப்போகாத பொதியை வேண்டாப்பொதி என்பாயா?

அண்ணனின் இரவு மடல். வேண்டாம் அண்ணே! அதைப் பார்த்தால் யாராவது அழித்துவிடுவார்கள். ஒவ்வாப்பொதி என்று வைப்போம். ஒவ்வாமை எல்லோருக்கும் தெரிந்த சொல். சார்பை முழுக்கத் தூக்கி எறியச் சொல்லவும் இல்லை. ஆவணங்களில் உறவைச் சொல்லும் இடத்தில் அது இருக்கட்டும். ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வட்டமடிப்பதற்குச் சுழல்சார்பு நன்றாகவே இருக்கிறது.

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போய்ப் புதுக் கோப்பை ஏற்றினேன். பையன் வாசித்தான். வேண்டுபொதியைத் தடையில்லாமல் தாண்டிவிட்டான். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் விரல் நின்றது.

“மாமா, களஞ்சியம்னா நெல்லு கொட்டி வைக்கிறதுதானே? கம்ப்யூட்டர்ல எதுக்கு?”

அடுத்த மடலில் அதைப் பேசுவோம்.